ஹெரால்டுக்கு எந்த கியர்பாக்ஸ்?

சென்னையில் கார் செய்கிறார்கள் என்றால் இன்றைய பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூரைத்தான் சொல்வார்கள். நம் சங்கத்தில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு வேறொரு பெயர் நினைவுக்கு வரும். வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலைதான் அது. 1950களில் வான்கார்டு, ஸ்டாண்டர்டு டென் என்று ஆரம்பித்தார்கள். 1961 முதல் ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் 1959இல் வெளிவந்த வண்டி, நம்மூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆயிற்று. அம்பாசடரும் ஃபியட்டும் தவிர வேறு கார் கண்ணில் படாத அந்தக் காலத்தில், இரண்டே கதவுகளும் கூரான பின்பக்கமும் கொண்ட அந்தச் சின்ன வண்டியைச் சித்தூரில் டாக்டர்களும் வக்கீல்களும் வைத்திருந்தார்கள். பின்னர் நாலு கதவு வண்டியும், 1970களில் கேஸல் என்ற பெயரில் இன்னொன்றும் வந்தன. 1985இல் ரோவர் காரின் அழகான உடம்புக்குள் பழைய வான்கார்டு எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று விற்கப் பார்த்தார்கள். அது எடுபடவில்லை. அதோடு கம்பெனியின் கதையும் முடிந்தது.

அப்படிப்பட்ட ஒரு ஹெரால்டு, 1966இல் பதிவானது, சித்தூரை அடுத்த ஒரு மாந்தோப்பில் கொட்டகைக்குள் கிடந்தது. என் நெடுநாள் நண்பரின் தகப்பனார் வாங்கிய வண்டி. அதை மறுபடி ஓடவைக்கும் வேலையில் 2022 முதல் நானும் கூட நின்றேன். உடம்பு வேலை, பெயின்ட் வேலை எல்லாம் எப்படியோ நடந்துவிட்டன. ஆனால் கியர்பாக்ஸ் விஷயத்தில் எனக்கும் நண்பருக்கும் எட்டு மாதம் வழக்கு நடந்தது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பலருக்கும் இதே கேள்வி வரும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். பழுதான பெட்டியைச் செப்பனிடுவதா, வேறு வண்டியின் பெட்டியைக் கொண்டுவந்து பொருத்துவதா என்பதே கேள்வி.

"ரயில்காரனுக்கு கியர்பாக்ஸைப் பற்றி என்னய்யா தெரியும்? உங்கள் நீராவி எஞ்சினில்தான் கியரே கிடையாதே" என்று நண்பர் என்னைச் சீண்டுவார். சொன்னது சரிதான். நீராவி எஞ்சின் நின்ற இடத்திலேயே முழு இழுவையும் கொடுக்கும். சக்கரத்தோடு நேராகப் பிணைத்துவிடலாம். டீசல் எஞ்சினில் கூட நம் ரயில்வேயில் பெரும்பாலும் ஜெனரேட்டர், மோட்டார் என்று மின்சாரத்தின் வழியாகத்தான் சக்கரத்துக்குச் சக்தி போகிறது. பெட்ரோல் எஞ்சின் அப்படியல்ல. குறைந்தது ஆயிரம் சுற்றாவது சுற்றினால்தான் அதற்கு உயிர் வரும். அதனால்தான் இடையில் பற்சக்கரங்கள். சைக்கிளில் மேடு ஏறும்போது கியர் மாற்றும் பேரப்பிள்ளைக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை பேரிங்கையும் ஆக்சிலையும் பிரேக்கையும் பார்த்தவனுக்கு, கியர்பாக்ஸின் முனகல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவா தெரியாது?

முதலில் இந்த வண்டியின் சில விசேஷங்களைச் சொல்லிவிடுகிறேன். பிறகு வருவதற்கெல்லாம் அதுதான் அஸ்திவாரம்.

ஹெரால்டு உருவான சமயத்தில் உலகெங்கும் கார்களை ஒரே கூடாக, தனிச் சேஸிஸ் இல்லாமல் செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனியாரால் அது முடியவில்லை. அவர்களுக்கு உடம்பு செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டதே காரணம். ஆகவே பழைய முறைப்படி ஒரு சேஸிஸ் செய்து, அதன்மேல் துண்டு துண்டான உடம்பை போல்ட் போட்டு முடுக்கினார்கள். வடிவம் தந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. முன்பக்க பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முழுதாக முன்னால் கவிழும். எஞ்சின் வேலை செய்பவர் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்ளலாம். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். சித்தூர் பஜார் தெருவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

போல்ட் போட்ட உடம்பு என்பதால் கூரையும் போல்ட்டில்தான் நிற்கிறது. முன்னால் கண்ணாடிச் சட்டத்திலும் பின்னால் உடற்பகுதியிலும் உள்ள போல்ட்டுகளை எடுத்தால், இரண்டு பேர் சேர்ந்து கூரையைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். பளு தாங்குவது சேஸிஸ் என்பதால் வண்டி நடுவில் தொய்ந்துவிடாது. மற்ற கார்களில் இந்த வேலையைச் செய்தால் கதவு மூடாது. என் நண்பர் 1979இல், தம் கல்யாண ஊர்வலத்துக்குத் திறந்த கார் வேண்டும் என்று இதைத்தான் செய்தார். அப்புறம் கூரை மறுபடி ஏறவே இல்லை. ஒரு தார்ப்பாயே குடையாக இருந்தது. கழற்றிய கூரை நாற்பது ஆண்டுகள் கோழிக்கூண்டுக்கு மூடியாகக் கிடந்தது. உள்ளே இறங்கிய மழைத் தண்ணீர் தரைத் தகட்டையும், சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளையும் தின்றுவிட்டது. அதைச் சரிசெய்யவே ஓராண்டு ஆயிற்று. கோழிகளுக்கு நன்றி, அவை இல்லாவிட்டால் கூரையைப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள்.

எண்ணெயைப் பார்த்தாலே தெரியும்

கியர்பாக்ஸுக்கு வருகிறேன். ஹெரால்டில் அது நாலு கியர் பெட்டி. இரண்டு, மூன்று, நாலு ஆகியவற்றுக்கு சின்க்ரோமெஷ் உண்டு. அதாவது பித்தளை வளையங்கள் இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் உரசிச் சமப்படுத்திய பிறகே பற்கள் கோக்கும். முதல் கியருக்கு அந்த வசதி கிடையாது. வண்டி முழுக்க நின்ற பிறகே முதல் கியர் போட வேண்டும். ஓடும்போது போட வேண்டுமானால் கிளட்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, எஞ்சின் வேகத்தை நாமே ஏற்றிக் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்து டிரைவர்களுக்கு இது கைவந்த கலை. அது தெரியாதவர் கையில் வண்டி சிக்கினால் கறகறவென்று பற்கள் அலறும். ஒவ்வொரு அலறலுக்கும் இரும்பில் ஒரு சில்லு போகும்.

பெட்டியைக் கழற்றுவதற்கு முன்பே நோய் என்ன என்று தெரிந்துவிட்டது. பின்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். ஒன்று, இரண்டு, மூன்று கியர்களில் பெட்டி ஊளையிட்டது. நாலாவதில் ஊளை அடங்கிவிட்டது. இது பால பாடம். நாலாவது கியர் நேர் இணைப்பு. எஞ்சினின் சுற்று அப்படியே பின்னால் போகிறது. மற்ற மூன்றிலும் கீழே உள்ள துணைத் தண்டின் வழியாகச் சுமை இறங்கி ஏறுகிறது. ஆகவே நாலில் அமைதி, மற்றவற்றில் சத்தம் என்றால் அந்தத் துணைத் தண்டிலோ அதன் ஊசி பேரிங்குகளிலோதான் கோளாறு.

எண்ணெயை வடித்து ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிக் காந்தத்தை விட்டேன். பொன்போல் மின்னிய தூள் காந்தத்தில் ஒட்டவில்லை. அது பித்தளை, சின்க்ரோ வளையத்தின் தேய்மானம். ஒட்டியது எஃகுச் செதில்கள். வேலைக்கு வந்த மெக்கானிக் பாய், ஹெரால்டைத் தம் இளமையில் கழற்றிப் பழகியவர், தட்டைப் பார்த்துவிட்டு, "இன்ஜினியர் சார், உள்ளே மசாலா அரைச்சிருக்கு" என்றார்.

ஹெரால்டில் கியர்பாக்ஸைக் கழற்றுவது சுலபம். முன்சீட்டுகளையும் நடுவிலுள்ள மேட்டு மூடியையும் எடுத்துவிட்டால் பெட்டியை வண்டிக்குள்ளிருந்தே தூக்கலாம். சேஸிஸை வெட்ட வேண்டாம், எஞ்சினை இறக்க வேண்டாம். வண்டிக்கடியில் மல்லாந்து படுக்கும் வயது எங்கள் மூவருக்கும் கடந்துவிட்டது என்பதால் மிக்கெலோட்டியைவிட இந்த மூடியை வைத்தவரைத்தான் நாங்கள் அதிகம் வாழ்த்தினோம். திறந்து பார்த்தால் துணைத் தண்டின் மேல் அம்மைத் தழும்பு. முதல் கியரின் பற்களில் முனை சிதறல். இதிலே ஒரு சங்கடம். இந்தப் பெட்டியில் முதல் கியரின் பற்கள் தனிச் சக்கரத்தில் இல்லை. இரண்டாவது கியரின் சின்க்ரோ உருளைக்கு மேலேயே வெட்டப்பட்டிருக்கின்றன. முதல் கியர் போனால் அந்த உருளை மொத்தமும் மாற்ற வேண்டும்.

ஜிப்ஸியின் ஆசை

இந்த இடத்தில்தான் நண்பர் தம் திட்டத்தை வெளியிட்டார். செப்பனிடுவதே வேண்டாம், மாருதி ஜிப்ஸியின் ஐந்து கியர் பெட்டியைப் போட்டுவிடலாம் என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. சென்னை புதுப்பேட்டைக்குப் போய் ஒரு பெட்டியை வாங்கியே வந்துவிட்டார், சாக்கில் சுற்றி.

அவர் யோசனையில் சாரம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜிப்ஸி நாலு சக்கர இழுவை வண்டி. மற்ற ஜீப்புகளில் கியர்பாக்ஸும், முன்பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜிப்ஸியில் அவை தனித்தனி; நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட். அதனால் கியர்பாக்ஸை மட்டும் எடுத்து சாதாரணப் பின்சக்கர இழுவை வண்டியில் பொருத்தலாம். எல்லா முன் கியர்களுக்கும் சின்க்ரோ உண்டு. ஜிப்ஸி விற்பனை 2019இல் நின்றுவிட்டாலும் உதிரிபாகம் கிடைக்கிறது. இங்கிலாந்தில் பழைய கார் பிரியர்கள் இதேபோல ஃபோர்டு சியராவின் ஐந்து கியர் பெட்டியை மாரிஸ் மைனரில் போடுகிறார்கள். டிரையம்ப்காரர்கள் ஸ்பிட்ஃபயரின் ஓவர்டிரைவ் பெட்டியைத் தேடிப் பிடிக்கிறார்கள். அதை நம்மூரில் எங்கே தேடுவது?

கணக்கையும் போட்டுப் பார்த்தோம். எங்கள் ஹெரால்டின் பற்களை நானே எண்ணினேன். பின்னால் டிபரன்ஷியலில் கிரவுனுக்கு 39 பல், பினியனுக்கு 8, அதாவது 4.875. கியர்பாக்ஸில் முதல் கியர் 4.27, இரண்டு 2.46, மூன்று 1.45, நாலு நேர். பதின்மூன்று அங்குலச் சக்கரத்தோடு கணக்கிட்டால், நாலாவது கியரில் எஞ்சினின் ஒவ்வொரு ஆயிரம் சுற்றுக்கும் வண்டி ஏறக்குறைய 21.8 கிலோமீட்டர் வேகம் போகும். எண்பது கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 3,670 சுற்று. 948 சி.சி. எஞ்சின் அந்த வேகத்தில் அழும். இங்கிலாந்தில் 1961லேயே 1147 சி.சி.க்கு மாறிவிட்டார்கள், நம்மூர் ஹெரால்டு கடைசிவரை 948தான்.

ஜிப்ஸியின் கியர்கள் 3.652, 1.947, 1.423, 1.0, 0.795. ஐந்தாவதில் போனால் அதே எண்பது கிலோமீட்டருக்கு 2,920 சுற்று போதும். சத்தம் குறையும், பெட்ரோல் குறையும், எஞ்சினுக்கு ஆயுள் கூடும். சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலை இப்போது ஆறு வழி. லாரிகளே எண்பதில் போகின்றன. "அந்த ரோட்டில் ஐம்பதில் உருட்டிக்கொண்டு போனால் பின்னால் வருகிறவன் என்மேல் ஏற்றிவிடுவான். எனக்கு எழுபத்திரண்டு வயசு. இன்னும் எத்தனை வருஷம் ஓட்டப் போகிறேன்? ஓட்டுகிறவரை நிம்மதியாக ஓட்ட வேண்டாமா?" என்றார் நண்பர். இதற்குச் சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் வண்டி, அவர் பணம், அவர் முழங்கால்.

இடையில் உறவுக்காரர்களின் யோசனைகளும் வந்தன. ஆட்டோமேட்டிக் போடலாம் என்றார் மருமகன். நாற்பது குதிரைசக்தி கூட இல்லாத எஞ்சினிடம் அதற்கு வரி கட்டச் சொல்ல முடியாது. பேரன் ஒரே போடாக, எஞ்சினையே எடுத்துவிட்டு மின்சார மோட்டார் வைக்கச் சொன்னான். திருப்பதிக்குப் பக்கத்தில் கரகம்பாடியில் அமர ராஜா பேட்டரித் தொழிற்சாலை இருக்கும்போது இந்த மண்ணில் அப்படி ஒரு எண்ணம் தோன்றுவது இயற்கைதான். பேரனுக்குப் பதிலாக, ஸ்டார்ட் பண்ண மட்டும் அந்த ஊர்ப் பேட்டரி ஒன்றை வாங்கி வைத்தோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் தடுக்குமா என்றும் பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே 'சலூன்' என்று பதிவான வண்டியைக் கூரையில்லாமல் ஓட்டுவது சரியல்ல. ஆனால் கியர்பாக்ஸைப் பற்றி ஆர்.சி. புத்தகத்தில் ஒரு வரியும் கிடையாது. எஞ்சின் எண் உண்டு, சேஸிஸ் எண் உண்டு, கியர்பாக்ஸ் அநாதை.

2021 ஜூலையில் மத்திய அரசு ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 'விண்டேஜ்' பதிவு என்று தனி வழி செய்தது. எண்ணில் 'வி.ஏ.' என்று வரும். சேஸிஸ், உடம்பு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அதிலும் கியர்பாக்ஸ் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிவு வாங்கினால் கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம்; தினப்படி ஓட்ட முடியாது. நினைத்தபோது திருப்பதி போக வேண்டும் என்ற நண்பருக்கு அது ஒத்துவராது. பழைய பதிவையே புதுப்பிப்பது என்று முடிவாயிற்று.

ஆகச் சட்டம் எங்கள் வழக்கைத் தீர்க்கவில்லை. பொறியியல்தான் தீர்க்க வேண்டியிருந்தது.

ரயில்வேயில் ஒரு செக்ஷனில் வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் வலுவான எஞ்சினைக் கொண்டுவந்து மாட்டிவிட்டால் மட்டும் போதாது. தண்டவாளம் தாங்குமா, வளைவில் சாய்வு போதுமா, பெட்டிகளின் போகி அந்த வேகத்தில் ஆடுமா, எல்லாவற்றுக்கும் மேலாக, சிக்னலைப் பார்த்த இடத்திலிருந்து வண்டி நிற்குமா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். இவற்றில் எது மிகக் குறைவாக அனுமதிக்கிறதோ அதுதான் அந்தச் செக்ஷனின் வேகம். நண்பரிடம் நான் பேசியது இதைத்தான். "ஐந்தாவது கியர் போட்டால் நீங்கள் எண்பதில் நிற்க மாட்டீர்கள். எஞ்சின் அமைதியாக இருந்தால் காலுக்குத் தெரியாமலே தொண்ணூறு வந்துவிடும். அப்புறம் நிறுத்துவது எது?"

எங்கள் ஹெரால்டில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். சர்வோ உதவி கிடையாது. வேகம் கூடக் கூட வண்டியின் ஓட்ட ஆற்றல் அதன் இருமடிப்படி கூடுகிறது. அறுபத்தைந்தில் ஓடும் வண்டியை நிறுத்துவதைவிட, தொண்ணூறில் ஓடும் அதே வண்டியை நிறுத்த ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை. அத்தனையும் அந்தச் சின்ன டிரம்களில் சூடாக இறங்க வேண்டும். முன்னால் போகும் புதிய கார் டிஸ்க் பிரேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் வைத்துக்கொண்டு சட்டென்று நின்றுவிடும். நாம் நிற்க மாட்டோம்.

இன்னொன்று பின் ஆக்சில். ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் டிபரன்ஷியலை மையமாக வைத்துத் தனித்தனியே கதவுபோல் மேலும் கீழும் ஆடும். மேலே குறுக்காக ஒரே லீஃப் ஸ்பிரிங். மேடுபள்ளத்தில் சுகமாக இருக்கும். ஆனால் வேகமாக வளைவில் நுழைந்து, பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பக்கம் தூக்கி, வெளிச்சக்கரம் உள்ளே மடங்கும். உட்காரப்போன ஆட்டுக்குட்டி கால் மடக்குவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வண்டியின் பின்பாகம் தன் வழியில் போகும். பின்னாளில் கேஸலில் இதை விட்டுவிட்டு ஒரே தண்டு ஆக்சிலுக்குப் போய்விட்டார்கள் என்பதை நண்பருக்கு நினைவுபடுத்தினேன்.

"சரி, டிஸ்க் பிரேக்கும் போட்டுவிடலாம்" என்றார். டிஸ்க் போட்டால் முன் ஹப் மாற வேண்டும், அப்புறம் சக்கரம், பின் ஆக்சில். கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்து, பூனைக்குப் பாலுக்காக மாடு வாங்கி, மாட்டை மேய்க்கக் கல்யாணமும் செய்துகொண்ட சந்நியாசியின் கதை உங்களுக்கும் தெரியும். நண்பருக்கும் தெரியும். அன்று அவர் மேலே பேசவில்லை.

இதோடு ஏற்றக் கணக்கும் இருக்கிறது. சித்தூரிலிருந்து பலமநேர் போகும் வழியில் மொகிலி மலைப்பாதை. தக்காளி லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து ஏற வேண்டும். ஹெரால்டின் சொந்தப் பெட்டியில் முதல் கியரில் மொத்தப் பெருக்கம் 4.27ஐ 4.875ஆல் பெருக்கினால் 20.8. ஜிப்ஸி பெட்டியில் 17.8. ஏழில் ஒரு பங்கு இழுவை போய்விடுகிறது. நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் நின்று புறப்பட வேண்டுமானால் கிளட்சைத் தீய்க்க வேண்டும். 1.3 லிட்டர் எஞ்சினுக்காகச் செய்த பற்கள் அவை, 948க்கு அல்ல. மற்றபடி அடாப்டர் தகடு, கிளட்ச் தட்டு, நுனி பேரிங், புது நீளத்தில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டும். அடாப்டர் தகட்டின் மையம் மயிரிழை விலகினாலும் முன் பேரிங் ஒரு வருஷம் தாங்காது.

கடைசியாக நேரத்தைச் சொன்னேன். சித்தூர் – திருப்பதி ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். அறுபத்தைந்தில் போனால் அறுபத்தைந்து நிமிடம். தொண்ணூறில் போனால் நாற்பத்தேழு. பதினெட்டு நிமிடத்துக்காகவா இவ்வளவும்? "பதினெட்டு நிமிஷம் முன்னால் போய் என்ன செய்யப் போகிறீர்கள், எப்படியும் தரிசன வரிசையில் மணிக்கணக்கில் நிற்கத்தானே போகிறீர்கள்?" என்று அவர் மனைவி உள்ளேயிருந்து கேட்டார். எட்டு மாத வழக்கில் தீர்ப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

செப்பனிட்ட விதம்

புதுப்பேட்டையில் கேஸலிலிருந்து எடுத்ததாகச் சொல்லி ஒரு பெட்டியைக் காட்டினார்கள். கையால் சுழற்றியபோது பேரிங்கில் மணல் உரசியது. ஆனால் அதன் உள்ளே முதல் கியர் உருளையின் பற்கள் முழுசாக இருந்தன. எங்களுடையதோடு வைத்துப் பல் பல்லாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அந்த உருளைக்காகவே பெட்டியை வாங்கினோம். சின்க்ரோ வளையங்கள் இங்கிலாந்திலிருந்து பார்சலில் வந்தன. அங்கே டிரையம்ப் உதிரிபாகத்துக்கென்றே கடைகள் உள்ளன. சுங்கவரி கொஞ்சம் கடித்தது. ஊசி பேரிங்குகள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. அளவைச் சொன்னால் பேரிங் கடையிலேயே கிடைத்தன.

துணைத் தண்டை மட்டும் புதிதாகவே செய்தோம். லேத்தில் கடைந்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்பன் ஏற்றி மேல்தோலைக் கடினப்படுத்தி, பிறகு கிரைண்டிங் செய்து மெருகிட்டது. உள்ளே இளகிய எஃகு, வெளியே ராக்வெல் அளவில் 60ஐ ஒட்டிய கடினம். முழுவதும் கடினமாக்கினால் கண்ணாடிபோல் ஒடிந்துவிடும். கடினப்படுத்தாமல் மாட்டினால் ஊசிகள் சில மாதத்தில் தடம் பதித்துவிடும். பழைய வண்டிகளுக்கு லேத்தில் தண்டு செய்து போட்டு, "முன்பைவிட மோசமாகிவிட்டது" என்று புலம்புகிறவர்களில் பலர் இந்த ஒரு படியைத் தாண்டிப் போனவர்களாகவே இருப்பார்கள்.

ஊசிகளை வைத்துக் கோப்பது பொறுமையான வேலை. தண்டின் அளவைவிட இம்மி குறைவாக ஒரு போலித் தண்டு செய்து, கிரீஸில் ஊசிகளை ஒட்டவைத்து, எல்லாம் இடத்தில் உட்கார்ந்த பிறகு உண்மைத் தண்டால் போலியைத் தள்ளி வெளியேற்ற வேண்டும். பாய்க்குக் கண் மங்கல், எனக்குக் கை நடுக்கம். அவர் விரலும் என் கண்ணாடியும் சேர்ந்து மூன்றாம் முயற்சியில் முடித்தோம். வாஷர்களின் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்துச் சரிசெய்தோம்.

எண்ணெய் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கடையில் கியர் ஆயில் 90 என்று கேட்டால் பெரும்பாலும் ஜி.எல்.5 ரகத்தை எடுத்துத் தருவார்கள். டிபரன்ஷியலுக்கு அது நல்லது. பித்தளை வளையம் உள்ள பழைய கியர்பாக்ஸுக்கு ஜி.எல்.4தான் உகந்தது, மற்றதில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கக்கூடும். அம்பாசடர், ஃபியட் இன்னும் வைத்திருக்கும் அன்பர்களும் டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கூரையை மறுபடி மாட்டியாயிற்று. போல்ட் துளைகள் ஒன்றுகூட விலகவில்லை. கூரையோடு ஆய்வுக்குப் போய், 2024இல் பதிவும் புதுப்பித்தாயிற்று. தோப்புக்குள் மட்டும், பேரன் பேத்திகள் வரும் மாம்பழக் காலத்தில், கூரையைக் கழற்றிவிட்டு வரப்போரப் பாதையில் ஓட்டுகிறார். அதற்கு லாரி தார்ப்பாய் தைப்பவரிடம் கொடுத்து மடிப்புக் குடை ஒன்றும் தைத்து வைத்திருக்கிறார்.

மொகிலியில் ஏற்றிப் பார்த்தோம். நண்பர் ஓட்ட, பாய் பக்கத்தில், நான் பின்னால். இரண்டாவது கியரில் முப்பதை ஒட்டி நிதானமாக ஏறியது, ஊளை இல்லை, இறக்கத்தில் காலை எடுத்தபோது கியர் தெறித்து வெளியே வரவும் இல்லை. ஓரிடத்தில் லாரி நின்றுவிட, முதல் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. நண்பர் கிளட்சை இரண்டு முறை மிதித்து நடுவில் தட்டினார். சத்தமே இல்லாமல் விழுந்தது. பாய் திரும்பி என்னைப் பார்த்தார்.

ஜிப்ஸி பெட்டி சாக்கோடு கொட்டகையிலேயே இருக்கிறது. விற்றுவிடச் சொன்னால், "இருக்கட்டும்" என்கிறார்.

இன்னும் இரண்டு குறை. ஸ்பீடோமீட்டர் முள் நாற்பதுக்கு மேல் துள்ளுகிறது. கேபிளின் உள்கம்பி தேய்ந்திருக்கிறது. கதவுக் கண்ணாடி ஓரத்து ரப்பர் எங்கும் கிடைக்கவில்லை. நம் உறுப்பினர் யாருடைய வீட்டிலாவது பழைய ஸ்டாண்டர்டு உதிரிபாகங்கள் பரணில் கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போடாமல் சங்க அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நானே வந்து பார்த்து எடுத்துக்கொள்கிறேன்.